வெள்ளிப் படலமும் அதன் வழித்தோன்றல்களும்: ஹிடேகி ஷிராகாவா, ஒரு நிகழ்வு ஆய்வு

1967-ஆம் ஆண்டு டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தின் ஓர் ஆய்வகத்தில், கரும்பொடியாக வந்திருக்க வேண்டிய பாலிஅசிட்டிலீன் என்ற பாலிமர் (சிறு மூலக்கூறுகள் கோத்த நீண்ட சங்கிலி) கிழிந்த படலத் துண்டுகளாக வந்தது. பாலிமர் வேதியியல் வகுப்புகளில் இது ஒரு தவறின் கதையாகவே சொல்லப்பட்டு வருகிறது: மில்லிமோல் என்று படித்திருக்க வேண்டிய இடத்தில் மோல் என்று படித்துவிட்டார்கள், வினையூக்கி ஆயிரம் மடங்கு கூடிவிட்டது, அதற்கு நோபல் பரிசு கிடைத்தது. அந்தக் குடுவைக்கும் 2000-ஆம் ஆண்டின் பரிசுக்கும் இடையே 33 ஆண்டுகள் இருக்கின்றன என்பதை இப்படிச் சொல்பவர்கள் விட்டுவிடுகிறார்கள். அவற்றில் முதல் ஒன்பது ஆண்டுகள் அந்தப் படலத்தை யாரும் கேட்கவில்லை. அதனால் என்ன பயன் என்று ஆய்வகத்துக்கு உள்ளேயே யாருக்கும் தெரியாது. அந்த ஒன்பது ஆண்டுகளில் ஜப்பானிய வேதியியலாளர் ஹிடேகி ஷிராகாவா என்ன செய்தார் என்பதைத்தான் இந்த ஆய்வு முதன்மையாகப் பார்க்கிறது. இன்றைய லித்தியம் அயனி மின்கலமும் வளையக்கூடிய சூரிய மின்கலமும் எந்தப் பொருளிலிருந்து கிளைத்தன என்று பின்னோக்கிப் போனால், வந்து சேரும் இடங்களில் ஒன்று அந்தப் படலம்.

ஷிராகாவா 1936-இல் டோக்கியோவில் பிறந்தார், தந்தை மருத்துவர். பள்ளிப்பருவத்தின் பெரும்பகுதி கிஃபு மாகாணத்து மலைநகரமான தக்கயாமாவில் கழிந்தது. வீட்டில் குளியல் வெந்நீருக்கு அடுப்பெரிப்பது அவர் வேலை. உப்புநீரில் நனைத்த செய்தித்தாளைத் தீயில் போட்டால் சுடர் மஞ்சளாக மாறும் என்பதை அங்கேதான் கண்டுகொண்டார். சூடான சாப்பாட்டு டப்பாவைச் சுற்றிய பாலிவினைல் குளோரைடு விரிப்பு சூட்டில் நீண்டு, ஆறிய பின்னும் பழைய அளவுக்குத் திரும்பாமல் போனதையும் அவர் நினைவில் வைத்திருந்தார். பள்ளிக் கட்டுரை ஒன்றில், பிளாஸ்டிக்கை ஆராய்ந்து அதன் குறைகளைப் போக்க வேண்டும் என்பதே தன் எதிர்கால விருப்பம் என்று எழுதினார். பின்னாளின் பெருமைகளை இளமையில் தேடிப்பிடிக்கும் வழக்கம் எனக்கு உவப்பானது அல்ல. ஆனாலும் ஒரு பொருள் எதிர்பார்த்தபடி நடக்காதபோது அதைக் குறித்துவைக்கும் பழக்கம் அவருக்கு முன்பே இருந்தது என்பதற்காக இவற்றைச் சொல்கிறேன். 1957-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்தில் சேர்ந்து, 1966-இல் முனைவர் பட்டம் பெற்று, அங்கேயே சகுஜி இக்கேடாவின் குழுவில் உதவி ஆய்வாளராகப் பணியைத் தொடங்கினார்.

குடுவையில் நடந்தது

அசிட்டிலீன் மிக எளிய மூலக்கூறு: இரண்டு கார்பன், இரண்டு ஹைட்ரஜன். அதைத் தொடராகக் கோத்தால், ஒற்றைப் பிணைப்பும் இரட்டைப் பிணைப்பும் மாறிமாறி வரும் ஒரு நீண்ட கார்பன் சங்கிலி கிடைக்கும், அதுதான் பாலிஅசிட்டிலீன். இத்தாலியின் ஜூலியோ நாட்டா 1958-இல் இதைச் செய்து காட்டினார். கிடைத்ததோ எந்தக் கரைப்பானிலும் கரையாத, உருகாத, காற்றுபட்டால் கெட்டுப்போகும் கரும்பொடி. கரையாத, உருகாத ஒரு பாலிமரை வார்க்கவும் முடியாது, இழுக்கவும் முடியாது, சரியாக அளக்கவும் முடியாது. எனவே பெரும்பாலான வேதியியலாளர்கள் அதைக் கைவிட்டார்கள். இக்கேடாவின் குழு அதை விடாமல் வைத்திருந்ததற்குக் காரணம் மின்கடத்தலோ ஆற்றலோ அல்ல. டைட்டானியச் சேர்மமும் அலுமினியச் சேர்மமும் கலந்த சீக்லர்-நாட்டா வினையூக்கியின்மேல் அசிட்டிலீன் எந்த வழியில் கோக்கப்படுகிறது, இரட்டைப் பிணைப்புகள் சிஸ் அமைப்பில் (சங்கிலி பிணைப்பின் ஒரே பக்கமாகத் தொடர்வது) பிறக்கின்றனவா டிரான்ஸ் அமைப்பிலா (எதிர்ப்பக்கமாகத் தொடர்வது) என்ற தூய வினைவழிக் கேள்விதான் அவர்கள் கையில் இருந்தது.

கொரியாவிலிருந்து வந்திருந்த ஓர் ஆய்வாளர், வழக்கமான செய்முறைக் குறிப்பை வைத்துக்கொண்டு பாலிஅசிட்டிலீன் செய்ய முயன்றபோதுதான் அந்த ஆயிரம் மடங்குப் பிழை நேர்ந்தது. வினையூக்கிக் கரைசலின் மேற்பரப்பில் கிழிந்த படலத் துண்டுகள் மிதந்தன. பயிற்சி ஆய்வகங்களில் இப்படி ஒன்று நிகழ்ந்தால் என்ன செய்வோம் என்பதை இத்துறையில் இருப்பவர்கள் அறிவார்கள்: குடுவையைக் கழுவிவிட்டு, குறிப்பேட்டில் ஒரு குறுக்குக் கோடு போட்டுவிட்டு, மறுநாள் சரியான அளவில் தொடங்குவோம். ஷிராகாவா அந்தத் துண்டுகளைக் கையில் எடுத்தார். அடர்ந்த வினையூக்கிக் கரைசலைத் தொட்ட கணத்திலேயே அசிட்டிலீன் வளிமம் சங்கிலியாகிவிடுகிறது, கரைசலுக்குள் இறங்கிப் பொடியாவதற்குள் பரப்பிலேயே படலமாகக் கெட்டிப்பட்டுவிடுகிறது என்று அவர் புரிந்துகொண்டார். பிழை எதனால் படலத்தைத் தந்தது என்று தெரிந்துவிட்ட பின் அதைப் பிழை என்று அழைப்பதில் பொருளில்லை. அது ஒரு செய்முறை ஆகிவிடுகிறது.

அடுத்த ஏழெட்டு ஆண்டுகளின் உழைப்பு இந்தச் செய்முறையைத் தன் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவருவதில் போனது. குடுவையின் உட்சுவரை அடர்ந்த வினையூக்கிக் கரைசலால் நனைத்து, பிறகு அசிட்டிலீனை உள்ளே விட்டால், சுவரிலேயே சீரான படலம் வளரும். மைனஸ் 78 டிகிரி செல்சியஸில் வளர்த்தால் ஏறக்குறைய முழுவதும் சிஸ் அமைப்பில், செம்பு நிறத்தில் பளபளக்கும் படலம் கிடைக்கும். 150 டிகிரியில் வளர்த்தால் டிரான்ஸ் அமைப்பில், வெள்ளி நிறப் படலம். சிஸ் படலத்தைச் சூடாக்கினால் அது டிரான்ஸாக மாறும். மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, பளபளக்கும் அந்தப் பரப்பு ஒரே தகடாக இல்லை. ஏறத்தாழ 20 நானோமீட்டர் தடிமனுள்ள நுண்ணிழைகள் பஞ்சுபோலப் பின்னிக்கிடந்தன. படலத்தின் பருமனில் மூன்றில் ஒரு பங்குதான் பாலிமர், மீதி வெற்றிடம். இந்த வெற்றிடம் பின்னால் இரண்டு முறை முக்கியமாகும், ஒரு முறை நன்மையாகவும் ஒரு முறை தடையாகவும். ஆகவே இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது.

கண்ணில் பட்டும் புலப்படாத ஒன்று

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் முக்கியமாகப் படும் பகுதி, பொதுவாகச் சொல்லப்படும் கதைகளில் இடம்பெறாத ஒரு சோதனை. பென்சில்வேனியாவுக்குப் போவதற்கு முன்பே, டோக்கியோவில், ஷிராகாவா தன் படலங்களைக் குளோரின், புரோமின் ஆவிகளில் காட்டிப் பார்த்திருக்கிறார். புரோமின் இரட்டைப் பிணைப்பில் சேரும் என்பது பள்ளி வேதியியல். சேர்ந்த பின் பிணைப்புகள் எப்படி மாறுகின்றன என்று அகச்சிவப்பு நிறமாலையில் பார்ப்பதே நோக்கம். ஆனால் ஆவி பட்டவுடன் படலம் அகச்சிவப்புக் கதிரை ஏறக்குறைய முற்றிலும் தடுத்துவிட்டது. ஊடுருவி வரவேண்டிய ஒளி வரவில்லை. வரைதாளில் கோடு அடித்தட்டுக்கு இறங்கிவிட்டது.

அகச்சிவப்புக் கதிரை இப்படித் தடுப்பது உலோகங்களின் இயல்பு. கட்டற்று அலையும் எலெக்ட்ரான்கள் இருக்கும் பொருள்தான் அவ்வாறு நடந்துகொள்ளும். ஓர் இயற்பியலாளர் அந்த வரைதாளைப் பார்த்திருந்தால் அடுத்த நிமிடமே இரண்டு கம்பிகளை எடுத்துவந்து மின்தடையை அளந்திருப்பார் என்று நினைக்கிறேன். ஷிராகாவா வேதியியலாளர், அவர் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி பிணைப்புகளைப் பற்றியது, அந்தக் கேள்விக்கு அந்த வரைதாள் விடை சொல்லவில்லை. அதன் பொருள் அப்போது தனக்குப் புரியவில்லை என்பதை அவர் தன் நோபல் உரையில் மறைக்காமல் பதிவுசெய்திருக்கிறார். தவறிய குடுவையில் வந்ததை உற்றுநோக்கிய அதே மனிதர், சரியாக நடந்த சோதனையில் வந்ததைக் கடந்துபோனார் என்பது அவருக்கு இழுக்கு ஆகாது. ஒரு துறையின் பயிற்சி எதைப் பார்க்கச் சொல்லித்தருகிறதோ அதைத்தான் கண் பார்க்கிறது. ஆய்வு மாணவர்களுக்கு இந்த நிகழ்வைச் சொல்பவர்கள் ஆயிரம் மடங்குப் பிழையைவிட இந்த வரைதாளைப் பற்றி அதிகம் பேச வேண்டும் என்பது என் உறுதியான எண்ணம்.

பிலடெல்பியா, 1976 நவம்பர் 23

நியூசிலாந்தில் பிறந்து பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய ஆலன் மெக்டயர்மிட், 1975-இல் டோக்கியோ தொழில்நுட்பக் கழகத்துக்கு உரையாற்ற வந்தார். கந்தகமும் நைட்ரஜனும் மாறிமாறி வரும், பொன்னிறத்தில் மின்னும் ஒரு கனிமப் பாலிமரைப் பற்றியது அவருடைய உரை. உரைக்குப் பின் தேநீர் அருந்தும்போது அவர் தன் பொன்னிற மாதிரியைக் காட்ட, ஷிராகாவா தன் வெள்ளிப் படலத்தைக் காட்டினார். கரிமப் பொருளொன்று உலோகம்போல் மின்னுவதைக் கண்டு வியந்த மெக்டயர்மிட், அமெரிக்கக் கடற்படை ஆய்வு அலுவலகத்தின் நிதியுதவியுடன் அவரைப் பிலடெல்பியாவுக்கு அழைத்தார். அங்கே மெக்டயர்மிட்டுடன் ஏற்கெனவே இணைந்து பணியாற்றியவர் ஆலன் ஹீகர், அவர் இயற்பியலாளர். டோக்கியோவில் இல்லாத அந்தக் கண் இங்கே இருந்தது.

பாலிஅசிட்டிலீனை எவ்வளவுக்குத் தூய்மையாக்கினார்களோ அவ்வளவுக்கு அதன் கடத்துத்திறன் குறைந்தது. அப்படியானால் இதுவரை கடத்தியது மாசுதான். வேண்டுமென்றே மாசு சேர்த்தால் என்ன ஆகும் என்ற கேள்வி தானாக எழுந்தது. கந்தக-நைட்ரஜன் பாலிமரில் புரோமின் சேர்த்தபோது கடத்துத்திறன் பத்து மடங்கு உயர்ந்ததை மெக்டயர்மிட் அறிவார். புரோமின் பட்டால் தன் படலத்துக்கு ஏதோ பெரிதாக நடக்கிறது என்பதை ஷிராகாவா அறிவார். நான்கு கம்பிகள் பொருத்திய ஒரு சிறு படலத் துண்டின்மேல் புரோமின் ஆவியைச் செலுத்தியபோது, சில நிமிடங்களில் கடத்துத்திறன் ஒரு கோடி மடங்கு உயர்ந்தது. பின்னர் அயோடின், ஆர்சனிக் பென்டாஃபுளூரைடு ஆகியவற்றைக் கொண்டு இதை மேலும் உயர்த்தினார்கள். முடிவுகள் 1977-இல் வெளியாயின.

நடந்தது என்ன என்பதைச் சுருக்கமாகச் சொல்லலாம். ஒற்றை, இரட்டை, ஒற்றை, இரட்டை என்று வரிசையாக நிற்கும் சங்கிலியில் எலெக்ட்ரான்கள் தத்தம் இரட்டைப் பிணைப்பில் அடைபட்டிருக்கின்றன. அவை நகர ஏறக்குறைய 1.5 எலெக்ட்ரான் வோல்ட் (ஆற்றலின் ஒரு சிறு அலகு) அளவுள்ள ஆற்றல் இடைவெளியைத் தாண்ட வேண்டும். எல்லா இருக்கையும் நிரம்பிய வரிசையில் யாரும் நகர முடியாது. ஒருவரை எழுப்பிவிட்டால் பக்கத்திலிருப்பவர் நகர்வார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர் வருவார். புரோமினோ அயோடினோ செய்வது அந்த ஒருவரை எழுப்பிவிடுவதுதான். சிலிக்கானிலும் மாசூட்டல் உண்டு. ஆனால் அங்கே பல லட்சத்தில் ஒன்றாக மாசு அணு சேர்க்கப்படும். இங்கே நூற்றில் சில பங்கு சேர வேண்டும். அத்தனை மூலக்கூறுகள் உள்ளே புகுவதற்கு வழி கொடுத்தது நுண்ணிழைகளுக்கு இடையே இருந்த அந்த வெற்றிடம். இழைகள் நெருங்கிப் படிந்த பொருளாக இருந்திருந்தால் அவ்வளவு விரைவாக இது நிகழ்ந்திருக்காது.

மின்கலத்தை நோக்கி

எலெக்ட்ரானை எடுக்கவும் கொடுக்கவும் கூடிய பொருள், அதையே மீண்டும் மீண்டும் செய்யக்கூடுமானால், மின்கலத்தின் முனையாகலாம். மாசூட்டலை ஆவியால் செய்வதற்குப் பதிலாக மின்னோட்டத்தால் செய்தால் அது மின்னேற்றம். திரும்பவும் மாசை வெளியேற்றினால் அது மின்னிறக்கம். பென்சில்வேனியா குழு 1980-களின் தொடக்கத்திலேயே பாலிஅசிட்டிலீன் முனைகள் கொண்ட மீள்மின்னேற்ற மின்கலங்களைச் செய்து காட்டியது. ஈயத் தகடுகளைச் சுமந்த மின்கலங்களுக்கு நடுவே, பிளாஸ்டிக் முனை கொண்ட மின்கலம் எத்தனை நம்பிக்கையைத் தந்திருக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்தச் சங்கிலியை அறுத்துக்கொண்டே இருந்தது. வெளியே வைத்த படலம் நாளடைவில் நொறுங்கும் தன்மை அடைந்து கடத்துத்திறனை இழந்தது.

இந்த இடத்தில் கதை ஜப்பானுக்குத் திரும்புகிறது. அசாஹி கசெய் நிறுவனத்தில் பணியாற்றிய அக்கிரா யோஷினோ 1981-இல் பாலிஅசிட்டிலீனை ஆராயத் தொடங்கினார். அதை எதிர்முனையாகப் பயன்படுத்த முடியும் என்று கண்டார். ஆனால் அதில் லித்தியம் இல்லை. ஆகவே லித்தியத்தைத் தரக்கூடிய ஒரு நேர்முனை வேண்டும். ஜான் குட்இனஃப் 1980-இல் அறிவித்த லித்தியம் கோபால்ட் ஆக்சைடு அதற்குப் பொருந்தியது. 1983-இல் ஒருபக்கம் பாலிஅசிட்டிலீனும் மறுபக்கம் லித்தியம் கோபால்ட் ஆக்சைடும் கொண்ட முன்மாதிரி மின்கலம் உருவானது. உலோக லித்தியம் இல்லாததால் தீப்பிடிக்கும் ஆபத்து பெரிதும் குறைந்தது, எடையும் குறைந்தது. பருமன் மட்டும் குறையவில்லை. பாலிஅசிட்டிலீன் அடர்த்தி குறைந்த பொருள். கையடக்கக் கருவிகளுக்குத் தேவையானது சிறிய மின்கலம். மாசு நுழைய வழிவிட்ட இலேசான தன்மையே இங்கே குறுக்கே நின்றது. யோஷினோ, பாலிஅசிட்டிலீனைப் போலவே மாறிமாறி வரும் பிணைப்புகள் கொண்ட, ஆனால் அடர்த்தி மிகுந்த கார்பன் பொருள்களுக்கு மாறினார். 1985-இல் இன்றைய வடிவத்தின் அடிப்படை அமைந்தது. 1991-இல் சோனி நிறுவனம் லித்தியம் அயனி மின்கலத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 2019-இல் யோஷினோ, குட்இனஃப், ஸ்டான்லி விட்டிங்ஹாம் மூவரும் நோபல் பரிசு பெற்றார்கள்.

காற்றாலையும் சூரியத் தகடும் தரும் மின்சாரத்தைச் சேமித்துவைக்கும் பெட்டிகளில் இன்று பாலிஅசிட்டிலீன் ஒரு கிராம்கூட இல்லை. ஆயினும் எதிர்முனையில் உலோகம் இல்லாமல் எலெக்ட்ரானை ஏற்று வைத்திருக்கும் கார்பன் பரப்பு என்ற எண்ணத்துக்கு யோஷினோ வந்துசேர்ந்த வழி அந்தப் பாலிமரின் வழியாகச் சென்றது. ஒரு பொருள் தோற்றாலும் அது கேட்டுவைத்த கேள்வி தங்கிவிடும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியாது.

சூரிய ஒளியை நோக்கி

சூரிய மின்கலத்தின் பாதை இதைவிடக் கரடுமுரடானது. 1.5 எலெக்ட்ரான் வோல்ட் இடைவெளி சூரிய ஒளியை உறிஞ்சுவதற்கு ஏற்றது என்பதால் பாலிஅசிட்டிலீனிலேயே சூரிய மின்கலம் செய்துபார்த்தார்கள். பயன்படும் அளவுக்கு எதுவும் கிடைக்கவில்லை. பாலிமரில் ஒளி விழுந்தால் எலெக்ட்ரானும் அது விட்டுவந்த துளையும் உடனே பிரிந்து ஓடுவதில்லை. ஒன்றையொன்று ஈர்த்தபடி ஏறத்தாழ 10 நானோமீட்டர் தொலைவுக்குள் அலைந்து, பிறகு மீண்டும் சேர்ந்து மறைந்துவிடும். அதற்குள் அவற்றைப் பிரித்தாக வேண்டும்.

வழி கிடைத்தது 1992-இல். அதற்குள் சான்டா பார்பராவுக்கு மாறியிருந்த ஹீகரும், சரிசிஃப்ட்சி, வுட்ல் முதலியோரும், கரையக்கூடிய ஒரு பாலிமரையும் 60 கார்பன் அணுக்கள் கொண்ட பந்து வடிவ ஃபுல்லரீனையும் சேர்த்துவைத்தால், ஒளி பட்டவுடன் எலெக்ட்ரான் பாலிமரிலிருந்து ஃபுல்லரீனுக்குத் தாவிவிடுகிறது என்று காட்டினார்கள். 1995-இல் இரண்டையும் ஒரே கரைசலில் கலந்து ஒரே படலமாக வார்த்தார்கள். எங்கே ஒளி விழுந்தாலும் பத்து நானோமீட்டருக்குள் ஓர் எல்லை கிடைக்கும்படி இரண்டு பொருள்களும் அதில் பின்னிக்கிடந்தன. ஒளியை மின்சாரமாக மாற்றும் திறன் 2000-களின் நடுவில் நான்கைந்து விழுக்காடாக இருந்தது. அது, ஃபுல்லரீனுக்குப் பதிலாகப் புதிய எலெக்ட்ரான் ஏற்பிகள் வந்த பின், 2019-இல் 15 விழுக்காட்டைத் தாண்டியது. ஆய்வக அளவில் இன்று 19 விழுக்காட்டையும் தாண்டியிருக்கிறது.

விற்பனைக் களம் இத்தனை இரக்கம் காட்டவில்லை. மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஹீகரும் இணைந்து 2001-இல் தொடங்கிய கொனார்க்கா நிறுவனம், பாலிமர் சூரியப் படலங்களைச் செய்தித்தாள்போல் உருளையில் அச்சிட்டுத் தர முயன்று 2012-இல் நொடித்துப்போனது. இருபது, இருபத்தைந்து ஆண்டு உறுதிமொழியுடன் விற்கப்படும் சிலிக்கான் தகடுகள் அதே ஆண்டுகளில் விலை சரிந்துகொண்டிருந்தன. வெயிலும் ஈரமும் ஆக்சிஜனும் படப்படத் தேயும் பாலிமருக்கு அந்தப் போட்டி எளிதாக இருக்கவில்லை. கார்பன் சங்கிலியை ஆக்சிஜனிடமிருந்து காப்பது எப்படி என்று 1970-களில் ஷிராகாவாவின் படலம் எழுப்பிய அதே கேள்விதான் இன்றும் இந்தத் துறையின் நடுவில் நிற்கிறது. இதற்கிடையே பாலிபிர்ரோல், பெடாட் போன்ற, காற்றைத் தாங்கும் உறவுப் பாலிமர்கள் சத்தமில்லாமல் மின்தேக்கிகளிலும் மின்னூட்டம் சேராமல் தடுக்கும் பூச்சுகளிலும் இடம்பிடித்துவிட்டன. பாலிமர் சூரிய மின்கலத்தில் துளைகளைச் சேகரிக்கும் மெல்லிய அடுக்காக நெடுங்காலம் பயன்பட்டு வந்ததும் பெடாட்தான்.

சுகுபா

1979-இல் ஷிராகாவா சுகுபா பல்கலைக்கழகத்தில் இணைப்பேராசிரியராகச் சேர்ந்து, 1982-இல் பேராசிரியரானார். மின்கலம், சூரியக்கலம் என்று ஓடிய கூட்டத்தோடு அவர் ஓடவில்லை. படலத்தைச் செய்யும் முறையிலேயே தொடர்ந்து உழைத்தார். பஞ்சுபோல் பின்னிக்கிடக்கும் இழைகளை ஒரே திசையில் நிறுத்தினால் மின்சாரம் இன்னும் எளிதாகப் பாயும். அதற்குத் திரவப் படிகத்தைக் கரைப்பானாக வைத்து, அதன் ஒழுங்கையே இழைகளும் பின்பற்றும்படி அவர் குழு செய்தது. அதே வழியைத் தொடர்ந்து, கசுவோ அக்காகியும் அவரும் உள்ளிட்ட குழு 1998-இல் திருகுபோல் முறுக்கிய இழைகள் கொண்ட பாலிஅசிட்டிலீனை உருவாக்கியது. இதற்கு முன்பே, 1987-இல், ஜெர்மனியின் பிஏஎஸ்எஃப் நிறுவன ஆய்வாளர்கள் குறைபாடுகள் குறைந்த பாலிஅசிட்டிலீனை நீட்டி இழுத்து, மாசூட்டி, சென்டிமீட்டருக்கு ஒரு லட்சம் சீமென்ஸுக்கும் (மின்கடத்தலின் அலகு) மேற்பட்ட கடத்துத்திறனை எட்டியிருந்தார்கள். செம்பின் கடத்துத்திறன் ஏறத்தாழ ஆறு லட்சம்.

2000-ஆம் ஆண்டு மார்ச்சில் அவர் ஓய்வுபெற்றார். அதே ஆண்டு அக்டோபரில் ஹீகர், மெக்டயர்மிட் இருவரோடும் சேர்த்து அவருக்கு வேதியியல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது. ஜப்பானின் அறிவியல் தொழில்நுட்பக் கொள்கைக் குழுவில் சில காலம் இருந்த பின், டோக்கியோவின் மிராய்க்கான் அறிவியல் அருங்காட்சியகத்தில் பள்ளிப் பிள்ளைகளுக்குச் செய்முறை வகுப்புகள் நடத்தினார். அங்கே பிள்ளைகள் கடத்தும் பாலிமரைத் தங்கள் கையாலேயே செய்து, அது மின்சாரத்தைக் கடத்துகிறதா என்று தாங்களே சோதித்துப் பார்த்தார்கள்.